உல்லாசக் கப்பலில் குமட்டலைத் தவிர்ப்பது எப்படி: சிங்கப்பூரிலிருந்து புறப்படுவோருக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பல் பயணங்களில் பல மூன்று அல்லது நான்கு இரவுகளில் முடிந்துவிடுகின்றன. கடலின் அசைவுக்கு மனித உடல் பழகுவதற்கோ பெரும்பாலும் இரண்டு, மூன்று நாள் பிடிக்கிறது. உடல் பழகித் தெளியும் வேளையில் கப்பல் மரினா பே நிலையத்தை நோக்கித் திரும்பிக்கொண்டிருக்கும். ரஜூலா, எம்.வி. சிதம்பரம் ஆகிய கப்பல்களில் வங்காள விரிகுடாவைக் கடந்து வந்த மூத்தோர், தொடக்கத்தில் தலைதூக்க முடியாமல் கிடந்து பிறகு எழுந்து நடமாடியதைச் சொல்லக் கேட்டிருப்போம். அவர்களுடைய நெடும்பயணத்தில் பழகிக்கொள்வதற்கு அவகாசம் இருந்தது. குறுகிய விடுமுறைப் பயணத்தில் அது இல்லை. ஆகவே குமட்டல் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணாமல், பயணத்தை முன்பதிவு செய்யும்போதே அதற்கான ஏற்பாட்டைத் தொடங்குவதுதான் அறிவுடைமை.

இந்தக் குமட்டலைப் பலர் பித்தத்தின் மீதோ வயிற்றின் மீதோ பழிபோட்டு விடுகின்றனர். உண்மையில் அது உட்செவியில் தொடங்குகிறது. அங்குள்ள மூன்று அரைவட்டக் குழாய்களும் அவற்றை ஒட்டிய நுண்பைகளும் தலையின் சுழற்சியையும், உடல் மேலும் கீழும் முன்னும் பின்னும் நகர்வதையும் மூளைக்குத் தெரிவிக்கின்றன. கப்பலின் உள்ளறையில் அமர்ந்திருப்பவரின் கண்ணோ, சுவர், மேசை, கட்டில் எல்லாம் அசையாமல் நிற்பதாகச் சொல்கிறது. இவ்விரு செய்திகளும் முரண்படுவதே தலைசுற்றல், கொட்டாவி, குளிர்ந்த வியர்வை, குமட்டல் என்று வரிசையாக வெளிப்படுகிறது. வேகமான அதிர்வைவிட, ஏறத்தாழ ஐந்து விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் மெதுவான அசைவே உடலை அதிகம் வருத்தும் என்பதால், கப்பல் ‘லேசாகத்தானே ஆடுகிறது’ என்று சமாதானம் சொல்லிக்கொள்வதில் பயனில்லை. இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகள், கர்ப்பிணிகள், ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் ஆகியோர் இதற்கு எளிதில் ஆளாகின்றனர். காரின் பின்னிருக்கையில் கைப்பேசி பார்த்தால் தலை சுற்றுகிறது என்பவரும் தம்மை இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

எந்தத் திசையில், எந்த மாதத்தில்

கட்டணத்தையும் கப்பலில் உள்ள கேளிக்கைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் நாம், கப்பல் எந்தக் கடலில் போகிறது என்பதைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. பினாங்குக்கோ கிள்ளான் துறைமுகத்துக்கோ செல்லும் கப்பல் மலாக்கா நீரிணை வழியே போகிறது. ஒருபுறம் சுமத்ராவும் மறுபுறம் மலாய்த் தீபகற்பமும் காற்றை மறித்து நிற்பதால், அங்கே பேரலைகள் எழுவது குறைவு. தீபகற்பத்தின் கிழக்குக் கரைக்கோ, வியட்னாமுக்கோ, தாய்லாந்து வளைகுடாவுக்கோ செல்லும் கப்பல் தென்சீனக் கடலில் இறங்கியாக வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரையிலான காலத்தில் அந்தக் கடல் கடுமை காட்டும். தியோமான், ரெடாங் தீவுகளின் தங்குவிடுதிகள் பல அந்த மாதங்களில் மூடப்படுவதே அதற்குச் சான்று. நம் பள்ளிகளின் ஆண்டிறுதி விடுமுறையும் அந்தப் பருவத்தின் வாயிலில்தான் வந்து விழுகிறது. எனவே டிசம்பரில் பிள்ளைகளுடன் முதன்முறையாகக் கப்பலேறும் குடும்பம் மேற்குத் திசைப் பயணத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

புக்கெட்டுக்கு இதற்கு நேர்மாறான கணக்கு. அது அந்தமான் கடலைப் பார்த்திருப்பதால், மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்றின் அலைகளை நேரடியாக வாங்கிக்கொள்கிறது. அங்கே படோங் கரைக்கு அப்பால் நங்கூரமிடும் கப்பல்களிலிருந்து சிறு படகில் கரைக்குச் செல்ல வேண்டியிருக்கும். பெரிய கப்பலில் எதுவும் நேராதவருக்கும் அந்தச் சிறு படகில் வயிறு புரளக்கூடும். ஜூன் விடுமுறையில் செல்வோர் கேள்விப்படும் ‘சுமத்ரா ஸ்குவால்’ எனப்படும் திடீர்க் காற்றுமழை பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ வந்து, ஓரிரு மணி நேரத்தில் கடந்துவிடும். அதற்கு அஞ்சிப் பயணத்தை மாற்ற வேண்டியதில்லை.

அறையைத் தேர்ந்தெடுத்தல்

கப்பல் ஒரு சீசா பலகையைப் போல நடுப்பகுதியை அச்சாகக் கொண்டு முன்னும் பின்னும் ஏறி இறங்குகிறது. முன்முனையிலும் பின்முனையிலும் ஏற்ற இறக்கம் அதிகம், நடுவில் குறைவு. அதுபோலவே பக்கவாட்டு ஆட்டம் மேல்தளங்களில் பெரிதாகவும் நீர்மட்டத்தை ஒட்டிய தளங்களில் சிறிதாகவும் உணரப்படும். ஆகவே கப்பலின் நீளத்தில் நடுப்பகுதியிலும், உயரத்தில் கீழ்த்தளங்களிலும் அமைந்த அறையே தேவை. இங்குதான் ஒரு முரண்பாடு எழுகிறது. விலை உயர்ந்த, பால்கனி வைத்த மேல்தள அறைகள் குமட்டலுக்கு ஆளாகிறவர்களுக்கு ஏற்றவை அல்ல. கீழ்த்தளத்தில் சன்னல் மட்டும் உள்ள எளிய அறை அவர்களுக்கு மேலானது. சன்னலே இல்லாத உள்ளறையில் அடிவானம் தெரியாது என்பதால், விலை மலிவாயினும் அது இரண்டாம்பட்சமே. அறை எண்ணை நிறுவனமே பின்னர் ஒதுக்கும் சலுகைக் கட்டணங்களும் உள்ளன. அவற்றை வாங்கினால் கப்பலின் எந்த மூலை கிடைக்கும் என்று சொல்ல முடியாது. தள வரைபடத்தைத் திறந்துவைத்துக்கொண்டு எண்ணைக் குறிப்பிட்டு முன்பதிவு செய்வதற்குச் சற்றுக் கூடுதலாகச் செலவாகலாம். அந்தப் பணம் வீண்போகாது.

இன்றைய பெரிய கப்பல்களின் இரு பக்கங்களிலும் நீருக்கடியில் நீளும் துடுப்பு போன்ற நிலைப்படுத்திகள் இருப்பதைச் சுட்டிக்காட்டி, ஆட்டமே இருக்காது என்று விற்பனையாளர்கள் உறுதி கூறுவர். அவை பக்கவாட்டு ஆட்டத்தை வெகுவாகக் குறைப்பது உண்மைதான். முன்பின் ஏற்ற இறக்கத்தில் அவற்றுக்குப் பெரிய பங்கு இல்லை.

மருந்து

மருந்தைப் பொறுத்தவரை நினைவில் நிற்க வேண்டிய முதல் செய்தி, அது குமட்டலுக்கு முன்பு வேலை செய்யத் தொடங்கியிருக்க வேண்டும் என்பதே. குமட்டல் முற்றிய பிறகு இரைப்பையின் இயக்கம் மந்தமாகிவிடுவதால் விழுங்கிய மாத்திரை சரியாக உட்கிரகிக்கப்படுவதில்லை. வாந்தியோடு வெளியே வந்துவிடவும் கூடும்.

டைமென்ஹைட்ரினேட் மாத்திரையைப் புறப்படுவதற்கு அரைமணி முதல் ஒரு மணி நேரத்திற்கு முன்பும், சின்னரிசினை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கு முன்பும் உட்கொள்வது வழக்கம். அளவையும் இடைவெளியையும் பெட்டியில் அச்சிட்டிருப்பதன்படியோ மருந்தாளர் சொல்வதன்படியோ கடைப்பிடிக்க வேண்டும். மருத்துவர் பரிந்துரைத்தால் காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபலமின் பட்டையும் உண்டு. அதைக் குறைந்தது நான்கு மணி நேரம் முன்பே ஒட்டிவிட வேண்டும். பலன் மூன்று நாள் வரை நீடிப்பதால் குறுகிய பயணத்துக்கு அது பொருத்தமானது. ஒட்டிய கையைக் கழுவாமல் கண்ணைத் தொட்டால் கண்மணி விரிந்து பார்வை மங்கும் என்பதையும், கண் அழுத்த நோய் உள்ளவர்களும் சிறுநீர் கழிப்பதில் சிரமப்படும் முதியோரும் அதைத் தவிர்க்க வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது.

நேரக் கணக்கு இங்கே இப்படி அமைகிறது. பெரும்பாலான கப்பல்கள் பிற்பகலிலோ மாலையிலோ புறப்படுகின்றன. சிங்கப்பூர் நீரிணைக்குள் இருக்கும் வரை கடல் பொதுவாக அமைதியாகவே இருக்கும். வடகிழக்காகச் செல்லும் கப்பல், பெட்ரா பிராங்காவில் உள்ள ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைக் கடந்த பிறகே திறந்த கடலைச் சந்திக்கிறது. அது பெரும்பாலும் இரவு உணவையோ அதற்குப் பிந்திய நிகழ்ச்சியையோ ஒட்டிய நேரமாக இருக்கும். கப்பல் கிளம்பும்போது ஒன்றும் தெரியவில்லையே என்று மாத்திரையைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறவர்கள் அந்த வேளையில்தான் திண்டாடுகின்றனர்.

இந்த மருந்துகளில் பெரும்பாலானவை தூக்கக் கலக்கத்தை உண்டாக்கும் என்பதால், பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பு ஒரு வார இறுதியில் வீட்டிலேயே ஒருமுறை உட்கொண்டு பார்ப்பது நல்லது. சளிக்காகவோ அரிப்புக்காகவோ ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர், இரண்டும் ஒரே வகையைச் சேர்ந்தவையா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அப்படியானால் கலக்கம் இரட்டிப்பாகும். மதுவும் அவ்வாறே. அதிகம் தூக்கத்தை உண்டாக்காத ஒவ்வாமை மாத்திரைகளான லொராடடின், செட்டிரிசின் போன்றவை வீட்டில் இருக்கின்றனவே என்று எடுத்துச் செல்வதில் பயனில்லை, ஏனெனில் அவை பயணக் குமட்டலைத் தடுப்பதில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் எதையும் கொடுக்கக்கூடாது. பார்க்கின்சன் நோய் உள்ள மூத்தோர் சின்னரிசினைத் தவிர்க்க வேண்டும்.

நம் குடும்பங்களில் நீரிழிவு இல்லாத வீடு அரிது என்பதால் ஒன்றைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையையோ இன்சுலினையோ எடுத்துக்கொண்ட பிறகு வாந்தியெடுத்துச் சாப்பிட முடியாமல் போனால், ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். அத்தகைய நாளில் மருந்தை எப்படி மாற்றிக்கொள்வது என்பதைப் பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிச் செல்ல வேண்டும். கார்டியன், வாட்சன்ஸ் போன்ற கடைகளின் எல்லாக் கிளைகளிலும் மருந்தாளர் இருப்பதில்லை. ஆதலால் புறப்படும் நாள் காலையில் ஓடாமல் முந்திய வாரமே வாங்கிவைப்பது மேல்.

இஞ்சியைப் பற்றிய ஆய்வுகள் ஒருமித்த முடிவைத் தரவில்லை என்றாலும், அதனால் பெரிய தீங்கு இல்லை. தேக்காவில் கிடைக்கும் இஞ்சி மரப்பாவோ சுக்குத் தூளோ பையில் இருக்கலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவர்கள் மட்டும் அதிக அளவில் உண்ணக்கூடாது. மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் அகலம் தள்ளி உள்ள இடத்தை அழுத்தும் பட்டைகள் சிலருக்கு ஆறுதல் தருகின்றன. அவற்றை மட்டும் நம்பிக் கப்பலேறுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். கோடாலித் தைலத்தின் மணம் சமையல் நெடியையும் புகை நெடியையும் மறக்கச் செய்யும் அளவில் உதவுகிறது. கைக்குழந்தையின் முகத்தருகே அதைத் தடவ வேண்டாம்.

உணவும் நடமாட்டமும்

கட்டணத்தில் அடங்கிவிட்டதே என்று முதல் நாள் மாலையே விருந்து மேசையில் எல்லாவற்றையும் ருசிபார்க்கத் தோன்றும். எண்ணெயும் காரமும் மிகுந்த உணவை அன்று தவிர்ப்பது நல்லது. வயிற்றைக் காயப்போடுவதும் தவறே. வெறும் வயிற்றில் குமட்டல் விரைவாக வரும். கஞ்சி, இட்லி, ரொட்டி, பிஸ்கட் ஆகியவற்றைச் சிறிது சிறிதாக உண்டு, தண்ணீரை அடிக்கடி பருகினால் போதும்.

கப்பலின் அசைவு அதிகரிப்பதாகத் தோன்றினால் திறந்த தளத்தில், நடுப்பகுதியில் நின்று அடிவானத்தைப் பார்க்க வேண்டும். கண் காண்பதும் செவி உணர்வதும் அப்போது ஒத்துப்போகின்றன. கைப்பேசித் திரையும் புத்தகமும் இதற்கு எதிரிகள். பிள்ளைகளின் கையிலிருந்து விளையாட்டுத் திரையை வாங்கிவைப்பது எளிதல்ல என்றாலும், அன்று ஒருநாள் வாங்கிவைக்கத்தான் வேண்டும். பல கப்பல்களில் அரங்கமும் உடற்பயிற்சிக் கூடமும் முன்முனையை ஒட்டி அமைந்திருக்கும். நடுப்பகுதியில் பார்த்துப் பார்த்து அறை எடுத்துவிட்டு, கடல் கொந்தளிக்கும் மாலையில் முன்முனை அரங்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் அந்தத் தேர்வுக்குப் பொருளில்லாமல் போய்விடும்.

இத்தனைக்குப் பிறகும் வந்துவிட்டால், தலையணையில் தலையை அசையாமல் வைத்து, கண்ணை மூடி மல்லாந்து படுப்பதே உடனடி நிவாரணம். வாந்தி அடங்கியதும் உப்புச் சர்க்கரைக் கரைசலை ஒவ்வொரு மிடறாகப் பருகலாம். நிற்காமல் வாந்தியெடுப்பவருக்குக் கப்பலின் மருத்துவக் கூடத்தில் ஊசி போடுவார்கள். அங்குள்ள கட்டணம் நம் வட்டார மருந்தகக் கட்டணத்தைவிடப் பன்மடங்காக இருக்கும் என்பதால், பயணக் காப்புறுதி அதை ஏற்கிறதா என்று முன்பே பார்த்துவைப்பது நல்லது. வாந்தியுடன் வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ சேர்ந்தால் அது கடலின் வேலையாக இராது. நோரோ கிருமி போன்ற தொற்றாக இருக்கக்கூடும் என்பதால், அறையிலேயே இருந்துகொண்டு உடனே மருத்துவக் கூடத்துக்குத் தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும்.

பாத்தாமுக்கோ பிந்தானுக்கோ செல்லும் ஃபெர்ரியில் ஒன்றும் நேரவில்லை என்பவர் பெரிய கப்பலுக்கு அதிகம் அஞ்சத் தேவையில்லை. சிறிய கலங்கள் அலைக்கு அதிகம் ஆடும். முதல் கப்பல் பயணத்துக்கு முன் குடும்பத்தில் யாருக்கு எவ்வளவு தாங்கும் என்று அறிய, தானா மேராவிலிருந்து பிந்தானுக்கு ஒருநாள் சென்று வருவது மலிவான சோதனை.

திரும்பி வந்து கரையிறங்கிய பிறகும் தரை ஆடுவதைப் போலத் தோன்றுவது இயல்பு. ஓரிரு நாளில் அது அடங்கும். வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கடைசி இரவில் மாத்திரை எடுத்தவர், மறுநாள் காலை துறைமுகத்திலிருந்து தாமே காரோட்டாமல், மரினா சவுத் பியர் நிலையத்தில் எம்ஆர்டி ஏறியோ டாக்சி பிடித்தோ வீடு செல்ல வேண்டும்.