பிஹெச்பி ஃபங்ஷனுக்குள் போனதும் மாறி (வேரியபிள்) எங்கே காணாமல் போகிறது?

பிஹெச்பி கற்கத் தொடங்குகிறவர்கள் சீக்கிரமே முட்டிக்கொள்ளும் இடம் இது. மேலே விலை என்ற மாறியில் 500 என்று எழுதியிருப்போம். ஃபங்ஷனுக்குள் அதைக் கேட்டால் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சொல்லிவிடும். எழுத்துப்பிழையாக இருக்கும் என்று நினைத்து ஒரு சாயங்காலம் முழுக்கத் தேடியவன் நான்.

பிஹெச்பியில் மாறிக்கும் ஃபங்ஷனுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ஃபங்ஷன், எக்கோ, ரிட்டர்ன் போன்ற மொழிச்சொற்களை மட்டும் நிரலில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

படி 1: பிழையை வரவழைப்போம்

$விலை = 500;
ஃபங்ஷன் பில்_போடு() {
    எக்கோ $விலை * 2;
}
பில்_போடு();

1000 வராது, 0 வரும். பிஹெச்பி 8 என்றால் கூடவே ‘இப்படி ஒரு மாறி இல்லை’ என்று ஓர் எச்சரிக்கையும் வரும். உள்ளே இருக்கும் $விலை வேறு, வெளியே இருக்கும் $விலை வேறு. உள்ளே இருப்பதற்கு யாரும் மதிப்பே கொடுக்கவில்லை. மதிப்பில்லாததை இரண்டால் பெருக்கினால் பூஜ்யம்தானே! பிழைச்செய்திகளை மறைத்து வைத்திருக்கும் சர்வரில் அந்த 0 மட்டும்தான் கண்ணில் படும். அதுதான் ஆபத்து.

ஜாவாஸ்கிரிப்டிலிருந்து வருகிறவர்கள் இங்கே நிச்சயம் குழம்புவார்கள். அங்கே ஃபங்ஷனுக்குள் இருந்தபடியே வெளியில் உள்ள மாறியைப் படிக்கலாம். இங்கே சாதாரண ஃபங்ஷனுக்கு அந்த வசதி கிடையாது, வேண்டியதை நாம்தான் கொடுத்தனுப்ப வேண்டும்.

படி 2: கொடுத்தனுப்புவோம்

ஃபங்ஷன் பில்_போடு($தொகை) {
    $தொகை = $தொகை * 2;
    ரிட்டர்ன் $தொகை;
}
எக்கோ பில்_போடு($விலை), " ", $விலை;

திரையில் 1000 500 என்று வரும். உள்ளே தொகையை இரட்டிப்பாக்கியும் வெளியே விலை அப்படியே இருக்கிறது, கவனித்தீர்களா? உள்ளே போனது நகல்தான்.

படி 3: குளோபல்

ஃபங்ஷனின் முதல் வரியில் குளோபல் $விலை; என்று எழுதினால் வெளியில் உள்ள மாறியே கைக்கு வந்துவிடும். படிக்க மட்டுமல்ல, மாற்றவும் முடியும். சுலபமாகத்தான் தெரியும். ஆனால் பத்து ஃபங்ஷன்கள் ஒரே மாறியில் கை வைத்தால், விலையை மாற்றியது எது என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நான் இதைத் தொடுவதே இல்லை. படி 2 போதும்.

படி 4: ஸ்டாட்டிக்

ஃபங்ஷன் முடிந்ததும் உள்ளே இருந்த மாறி அழிந்துவிடும். ஸ்டாட்டிக் $எண் = 0; என்று அறிவித்தால் அடுத்த அழைப்புவரை மதிப்பு நிற்கும். ஆனால் பக்கத்தை மறுபடி திறந்தால் பழையபடி 0தான்.

அப்புறம், இஃப், ஃபார் போன்றவற்றின் அடைப்புக்குறிகள் பிஹெச்பியில் தனி ஸ்கோப்பை, அதாவது மாறி செல்லுபடியாகும் தனி எல்லையை, உண்டாக்காது. ஒரு ஃபார் சுற்றில் $எண்ணை 0 முதல் 4 வரை ஓட விட்டு, சுற்று முடிந்தபின் அதை எக்கோ செய்து பாருங்கள். 5 என்று வந்து நிற்கும்.