வீக்கெண்ட் ரிலீஸும் ஃபுட்பால் மேட்ச்சும் ஒரே நாள்ல வந்தா

ஐடில இருக்குற ஃபுட்பால் ரசிகர்களுக்கு ஒரு சின்ன டிப். சனி ஞாயிறுல ப்ரொடக்‌ஷன் ரிலீஸ் (புது சாஃப்ட்வேர் வெர்ஷனை லைவ்ல விடுறது) இருந்து, அதே நைட்டு நம்ம டீம் நாக் அவுட் மேட்ச் ஆடுதுன்னா, மேட்ச்சை ரெண்டு மணி நேரம்னு கணக்கு போடாதீங்க. 90 நிமிஷம், நடுவுல 15 நிமிஷ பிரேக், இஞ்சுரி டைம், டிரா ஆச்சுன்னா எக்ஸ்ட்ரா டைம் 30 நிமிஷம், அதுக்கும் மேல பெனால்டின்னு போனா கிட்டத்தட்ட மூணு மணி நேரம் ஆயிடும். 2022 உலகக் கோப்பை ஃபைனல் ஞாயித்துக்கிழமை நைட்டு நம்ம டைம் 8:30க்கு ஆரம்பிச்சது, அர்ஜென்டினா 2-0ன்னு 80வது நிமிஷம் வரைக்கும் நிம்மதியா இருந்துச்சு, அப்புறம் ஃபிரான்ஸோட எம்பாப்பே ரெண்டு நிமிஷத்துக்குள்ள ரெண்டு கோல் போட்டுட்டாரு, கடைசில 3-3 ஆகி பெனால்டில முடியும்போது மணி பதினொன்னு தாண்டிடுச்சு. அந்த நேரத்துல ரிலீஸுக்கான டெப்ளாய்மென்ட் கான்ஃபரன்ஸ் கால்ல உக்காந்திருந்தவங்கள நினைச்சா இப்பவும் பாவமா இருக்கு!

அதனால ஃபிக்ஸ்சர் வந்த அன்னைக்கே காலண்டர்ல பிளாக் பண்ணுங்க. ஆன்கால் ஷிஃப்ட்டை (பிரச்சனை வந்தா உடனே பாக்க வேண்டிய டியூட்டி) ஃபுட்பால் பாக்காத ஃப்ரெண்ட் கிட்ட முன்னாடியே மாத்திக்கோங்க, பதிலுக்கு அவங்க கேக்குற வீக்கெண்டை மறக்காம எடுத்துக்கோங்க, லீடுக்கும் மெயில்ல சொல்லிடுங்க. மாத்த முடியலன்னா ஃபோன்ல டூ நாட் டிஸ்டர்ப் போட்டு, அலர்ட் ஆப்பையும் மேனேஜர் நம்பரையும் மட்டும் அலோ பண்ணுங்க, க்ரூப் சாட் சத்தம் ஒண்ணும் வராது. ரோல்பேக் ஸ்டெப்ஸையும் (ரிலீஸ் சொதப்புனா பழைய வெர்ஷனுக்கு திரும்புற வழி) முன்னாடியே எழுதி டீம்ல எல்லாருக்கும் அனுப்பி வச்சிடுங்க.