ஒற்றை நட்சத்திர விமர்சனங்களை வாசிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கங்களில் இணையத்தில் தேன் விற்கத் தொடங்கும் இளைஞர்கள், வாடிக்கையாளர்களின் பாதகமான விமர்சனங்களை வாசிக்கும்போது, மூத்த வியாபாரிகள் சறுக்கிய இடங்களிலேயே தாங்களும் சறுக்குகிறார்கள். கூரியர் தாமதத்தைத் தேனின் குறையாக எண்ணக் கூடாது என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எண்ணிக்கையை வைத்து முடிவெடுப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். களியக்காவிளை அருகே ஒரு தம்பியின் தேனுக்கு, "சீனி கலந்திருக்கிறது, அடியில் வெள்ளையாகத் தங்குகிறது" என்று அடுத்தடுத்துப் பலர் எழுதினார்கள். ஒரே ஒருவர் மட்டும், மூடியைத் திறந்ததும் காற்று சீறியதையும், மேலே நுரை நின்றதையும், புளித்த வாடை அடித்ததையும் எழுதியிருந்தார். பலர் சொல்வதே சரியென்று நம்பிய தம்பி, குருணை கரையட்டும் என்று கையிருப்பு முழுவதையும் கொதிக்க வைத்துவிட்டார்.

ரப்பர் மரம் தளிர்விடும் காலத்தில் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பு நீரைத் தேனீக்கள் சேர்ப்பதால் கிடைக்கும் நம் ஊர்த் தேன், இயல்பாகவே வெகு சீக்கிரம் உறையும். அது கலப்படத்துக்குச் சான்றல்ல (சுத்தத்துக்கும் சான்றல்ல என்பதை விற்பவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்). வெந்நீரில் பாட்டிலைச் சற்று நேரம் நிறுத்தினாலே குருணை இளகிவிடும். நுரையோ, ஈரம் மிகுந்த தேன் புளித்துவிட்டதன் அடையாளம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் தேனில் 20 சதவீதத்துக்கு மேல் ஈரத்தை அனுமதிப்பதில்லை. கொதித்த தேனில், சூட்டால் பெருகும் எச்.எம்.எஃப். என்ற வேதிப்பொருளின் அளவு கிலோவுக்கு 80 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியதால், மொத்த வியாபாரி டின்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். "சீனி கலந்தது" என்பது எழுதியவரின் தீர்ப்பு. "அடியில் வெள்ளை", "மேலே நுரை" என்பவை அவர் கண்ணால் கண்டவை. தீர்ப்புகளை அடித்துவிட்டு, கண்டவற்றை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும்.

மலையாள விமர்சனங்களைத் தாண்டிப் போவது

எல்லைக்கு அப்பால் கேரளத்துப் பாறசாலைக்காரர் எழுதியதைப் பக்கத்துக் கடையில் நீட்டினால் படித்துச் சொல்வார்கள்.

தேதி பார்க்காதது

போன ஆண்டுச் சரக்கின் குறை, இந்த ஆண்டுச் சரக்கின் குறையாகாது.

எல்லாமே போட்டியாளரின் வேலை என்பது

போலி விமர்சனங்கள் உண்டு என்பதால்தான் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் வெளியிட்ட ஐ.எஸ். 19000 தரநிலை, எழுதியவர் யாரென்று சரிபார்க்கும் வழிகளைக் கூறுகிறது. ஆனால் அந்தச் சரிபார்ப்பு விமர்சனங்களை வெளியிடும் தளத்தின் வேலை. எழுதியவர் பகையாளியே ஆனாலும், அவர் குறிப்பிடும் தொகுதி (பேட்ச்) எண்ணில் மீந்திருக்கும் ஒரு பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்த பிறகே அவரோடு வாதாட வேண்டும்.