அடிபட்ட ஆற்று மீனைத் தொட்டியில் வைத்துப் பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

வலையிலோ தூண்டிலிலோ அடிபட்ட நாட்டு மீனை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் எல்லோரும் தேடுவது மருந்தைத்தான். அதற்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள். காயத்தைத் தாங்கிவிடும் மீன்கூட கெட்ட தண்ணீரில் இரண்டு நாள் தாங்காது.

மீன் மேலிருக்கும் வழுவழுப்பு அதற்கு இன்னொரு தோல். நன்னீர் மீனின் உடம்பில் வெளித் தண்ணீரைவிட உப்பு அதிகம். அதனால் செதில் பெயர்ந்த இடம் வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டும் உப்பு வெளியேறிக்கொண்டும் இருக்கும். காய்ந்த கையாலோ முரட்டு வலையாலோ பிடித்தால் மிச்சமிருக்கும் வழுவழுப்பும் போய்விடும். ஒரு டப்பாவைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, மீனை அதற்குள் ஓட்டி அள்ளுங்கள்.

உப்பு உதவுவதும் இதனால்தான். லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் வரை, தனியாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். செதில் இல்லாத கெளுத்தி வகைகளுக்குக் குறைந்த அளவே போதும். அப்புறம்தான் பலர் தவறுகிறார்கள்: தண்ணீர் ஆவியாகிக் குறையும்போதெல்லாம் மறுபடி உப்புப் போடுகிறார்கள். உப்பு ஆவியாவதில்லை. வெளியே எடுத்துக் கொட்டிய தண்ணீருக்கு மட்டும் கணக்குப் போட்டுச் சேருங்கள்.

புதிதாக நிரப்பிய தொட்டியில் அன்றைக்கே விடுவதும் ஆபத்து. கழிவிலிருந்து வரும் அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா ஃபில்டரில் நிலைபெறப் பல வாரங்கள் ஆகும். ஏற்கெனவே ஓடும் தொட்டியிலிருந்து ஃபில்டர் பஞ்சு கிடைத்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை, குளோரின் நீக்கியபின், மாற்றுங்கள். அதற்காகப் பழைய மீன்களோடு சேர்த்துவிடாதீர்கள். ஆற்று மீனோடு நங்கூரப் புழுவும் மீன் பேனும் ஒட்டிக்கொண்டு வரலாம்.

ஹீட்டரைக் கூட்டினால் சீக்கிரம் ஆறும் என்பதும் தப்புக் கணக்கு. 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான்.

என்னைக் கேட்டால், நல்ல மனதோடு செய்யும் மிகப் பெரிய தவறு அவசர மருந்துதான். கிழிந்த வாலின் ஓரத்தைக் கிட்டத்தில் பாருங்கள். கண்ணாடி போல மெல்லிய சவ்வு தெரிந்தால் துடுப்பு வளர்கிறது என்று அர்த்தம். அதைப் பூஞ்சை என்று நினைத்து மெத்திலீன் நீலத்தை ஊற்றினால், ஃபில்டர் பாக்டீரியா செத்து அமோனியா ஏறும். பூஞ்சை என்றால் பஞ்சு போலப் புசுபுசுவென்று நீட்டிக்கொண்டு தண்ணீரில் அசையும். ஓரம் சிவந்து நாளுக்கு நாள் உள்ளே அரித்துக்கொண்டு போனால் அழுகல். மருந்து இந்த இரண்டுக்கும்தான், அதுவும் தனித் தொட்டியில்.

முதல் இரண்டு நாள் தின்னவில்லை என்று இரையைக் கொட்டாதீர்கள். பக்கக் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம் ஒட்டுங்கள். மூக்கை முட்டி முட்டிப் புதுக் காயம் வராது. மூடியும் கட்டாயம், ஆற்று மீன் துள்ளும்.

குணமான மீனைத் திரும்ப ஆற்றில் விட நினைப்பவர்களுக்கு: கடை மீன்களோடு ஒரே தண்ணீரையோ வலையையோ பகிர்ந்திருந்தால் விடாதீர்கள், அவற்றின் நோய் ஆற்றுக்குப் போய்விடும். தனியாகவே இருந்திருந்தாலும், உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதிக்கிறதா என்று கேட்டுவிட்டு, பிடித்த அதே இடத்தில் விடுங்கள்.