பிள்ளையே வைத்திருக்கும் கற்றல் தொகுப்பு: பள்ளியில் தொடங்கி நடத்தும் முறை

ஏப்ரல் மாதக் கடைசியில் நம் பள்ளிகளில் ஒரு வேலை தவறாமல் நடக்கும். ஆண்டு முழுவதும் பிள்ளைகள் வரைந்த சார்ட்டுகள், ஒட்டிய இலைகள், எழுதிய செயல்திட்டங்கள் எல்லாம் பீரோவின் மேலிருந்து இறக்கப்பட்டு, சில நாள்களில் பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறிவிடும். தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தபோது, பாடம் நடக்கும்போதே பிள்ளை செய்யும் செயல்களைப் பார்க்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், பருவ முடிவில் தேர்வாக நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண் என்று பிரித்தார்கள். அந்த 40-க்காகப் பிள்ளை செய்த வேலை, பதிவேட்டில் ஓர் எண்ணாக மாறிய மறுநாளே யாருக்கும் வேண்டாததாகிவிடுகிறது. எண் பள்ளியிடம் இருக்கிறது, வேலை எடைக்குப் போகிறது, பிள்ளையின் கையில் ஒன்றும் இல்லை. இந்த நிலையை மாற்ற ஒரு கைப்பேசியும், கொஞ்சம் பொறுமையும், வாரத்தில் ஒரு பாடவேளையும் போதும் என்பதை ஒரு நடுநிலைப் பள்ளியில் செய்து பார்த்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

ஆசிரியர் பயிற்சியில் போர்ட்ஃபோலியோ என்று சொல்வதைத்தான் இங்கே கற்றல் தொகுப்பு என்கிறேன். பிள்ளை செய்தவற்றில் தேர்ந்தெடுத்த சிலவற்றின் படம், ஒலிப்பதிவு, எழுத்து ஆகியவற்றை, அவற்றை ஏன் தேர்ந்தெடுத்தது என்ற பிள்ளையின் சொந்தச் சொற்களோடு சேர்த்து, மின்வடிவில் ஆண்டுக்கணக்கில் சேமித்து வருவதே அது. பல பள்ளிகளில் இதன் பெயரால் நடப்பது வேறு: ஆசிரியர் படம் எடுக்கிறார், ஆசிரியர் பதிவேற்றுகிறார், ஆய்வுக்கு வரும் அலுவலரிடம் ஆசிரியர் காட்டுகிறார். அதைப் பள்ளியின் பதிவேடு என்று சொல்லலாமே தவிர, பிள்ளையின் தொகுப்பு என்று சொல்ல முடியாது. எதை வைப்பது என்று முடிவு செய்வது யார், அதைப் பற்றி எழுதுவது யார், யார் பார்க்கலாம் என்று சொல்வது யார், பள்ளியை விட்டுப் போகும்போது அதை எடுத்துச் செல்வது யார் என்று கேட்டுப் பாருங்கள். நான்கிற்கும் விடை 'பிள்ளை' என்று வந்தால்தான் அது அந்தப் பிள்ளையின் உடைமை. இவற்றில் மூன்றாவதும் நான்காவதும்தான் எளிதில் நழுவிப்போகின்றன. ஆகவே தொடங்கும் நாளிலேயே அவற்றுக்கு வழி செய்துவிட வேண்டும்.

எங்கே சேமிப்பது

செயலியைத் தேடிக்கொண்டு தொடங்காதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் அப்படித்தான் தொடங்கினேன். இலவசமாகக் கிடைத்த ஒரு செயலியில் 32 பிள்ளைகளின் வேலைகளை இரண்டு ஆண்டுகள் பதிவேற்றி வந்தோம். திடீரென்று ஒரு நாள் அது கட்டணச் சேவையாக மாறியது. பழைய பதிவுகளை மொத்தமாக இறக்கிக்கொள்ள வழியில்லை. ஒவ்வொரு படமாகத் திறந்து சேமித்ததில் பாதிகூடத் தேறவில்லை. "மிஸ், என் மண்பானை போட்டோ எங்க மிஸ்?" என்று ஒரு மாணவி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் விதி இது: செயலி இருந்தாலும் போனாலும் திறக்கக்கூடிய சாதாரணக் கோப்புகளாகத்தான் பிள்ளையின் வேலை இருக்க வேண்டும்.

படத்துக்கு ஜேபெக், ஒலிக்கு எம்பி3, எழுத்துக்கு பிடிஎஃப் என்ற வடிவங்கள் எந்தக் கருவியிலும் திறக்கும். தமிழில் தட்டச்சு செய்வதை யூனிகோடில் மட்டுமே செய்யுங்கள். பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகளைத் திறந்தால் இன்று வெறும் குறியீடுகளாகத் தெரிவதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்புறை, அதற்குள் ஆண்டுக்கு ஒரு கோப்புறை என்று பிரித்து, கோப்பின் பெயரில் முதலில் ஆண்டு, பிறகு மாதம், பிறகு நாள், அதன்பின் பொருள் என்ற வரிசையில் எழுதினால் (2024-07-12 விதை முளைப்பு என்பதுபோல) கோப்புகள் தாமே கால வரிசையில் நிற்கும்.

இடம் போதுமா என்ற கவலை வேண்டாம். ஆண்டுக்கு 25 படங்களும் பத்து ஒலிப்பதிவுகளும் இரண்டு சிறு காணொளிகளும் வைத்தாலும், ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான முழுத் தொகுப்பும் 32 ஜிபி பென்டிரைவில் தாராளமாக அடங்கும். ஒரு பிரதி இணையச் சேமிப்பிலும் இன்னொரு பிரதி பென்டிரைவிலுமாக எப்போதும் இரண்டு இருக்கட்டும். இணையச் சேமிப்புக்கு கூகுள் டிரைவைப் பயன்படுத்துவதானால், இந்தியாவில் 13 வயதுக்கு உட்பட்டவர்கள் தாமாகக் கணக்கு தொடங்க முடியாது என்பதை நினைவில் கொள்ளுங்கள். பெற்றோரின் கணக்கிலேயே பிள்ளையின் பெயரில் கோப்புறை திறப்பதும், ஃபேமிலி லிங்க் வழியாகப் பெற்றோர் மேற்பார்வையில் கணக்கு தொடங்குவதும் சரியான வழிகள். வயதைக் கூட்டிப் போட்டுக் கணக்கு தொடங்குவது, நாணயத்தைக் கற்றுத்தர வேண்டிய நாமே பொய்யைக் கற்றுத்தருவதாகும்.

உயர்நிலைப் பள்ளிகளில், கணினி ஆய்வகமும் அதைப் பராமரிக்கத் தெரிந்த ஆசிரியரும் இருந்தால், இத்தகைய தொகுப்புகளுக்கென்றே உருவான 'மஹாரா' என்ற கட்டற்ற மென்பொருளைப் பள்ளியின் வழங்கியிலேயே (சர்வர்) நிறுவிக்கொள்ளலாம். 2006 இல் நியூசிலாந்தில் தொடங்கிய இதன் பெயருக்கு மாவோரி மொழியில் சிந்தித்தல் என்று பொருள். தன் பக்கத்தை யார் பார்க்கலாம் என்பதை மாணவரே முடிவு செய்யும் விதத்தில் அது அமைந்திருக்கிறது. சிறிய பள்ளிகளுக்கு இது தேவையில்லை; கோப்புறையே போதும்.

எதை வைப்பது

முழுமையான வளர்ச்சி என்று சொல்லிவிட்டுத் தமிழ், கணக்கு விடைத்தாள்களை மட்டும் படமெடுத்து வைத்தால் பயனில்லை. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 29 ஆம் பிரிவில், பாடத்திட்டமும் மதிப்பீடும் குழந்தையின் அனைத்து வகை வளர்ச்சியையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. உடல், கை, மொழி, கணக்கு, பிறரோடு பழகுதல், இயற்கையைக் கவனித்தல், மனத்தைக் கையாளுதல் என்று பல பக்கங்கள் ஒரு பிள்ளைக்கு உண்டு. ஆனால் இவற்றைக் கட்டங்களாக வரைந்து, ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பச் சொல்லாதீர்கள். கட்டம் நிரப்பும் வேலையாக மாறியவுடன் தொகுப்பு மீண்டும் ஆசிரியருடையதாகிவிடும். பருவத்துக்கு ஒரு முறை பிள்ளையோடு உட்கார்ந்து, "நீ வைத்திருப்பதில் விளையாட்டு எதுவும் இல்லையே, வேண்டாமா?" என்று கேட்டால் போதும்.

வீட்டிலும் தெருவிலும் நடக்கும் கற்றலுக்கும் இதில் இடம் கொடுங்கள். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பொங்கலுக்குத் தன் வாசலில் போட்ட கோலத்தைப் படமெடுத்து வந்தாள். ஏழு புள்ளி, நான்கு வரை, ஊடுபுள்ளிக் கோலம். அழகாக இருப்பதால் வைக்கிறேன் என்றுதான் முதலில் சொன்னாள். மொத்தம் எத்தனை புள்ளி என்று கேட்டேன். எண்ணத் தொடங்கியவள் பாதியில் நிறுத்திவிட்டு, நடுவரிசையில் 7, அதற்கு மேலே 6, 5, 4, கீழேயும் அதேபோல 6, 5, 4, ஆகவே 15-இன் இருமடங்கோடு 7 சேர்த்து 37 என்று தாளில் எழுதினாள். பிறகு, "அஞ்சு வரைக்கும் வச்சா 29 தான் வரும்" என்று அவளாகவே சொன்னாள். அந்தப் படமும், அந்தத் தாளும், அவள் பேசிய ஒரு நிமிட ஒலிப்பதிவும் அவள் தொகுப்பில் ஒன்றாக இருக்கின்றன. அவளுடைய அந்தப் பருவத்துக் கணக்கு விடைத்தாள் இதில் எதையும் சொல்லவில்லை.

முடிந்த வேலையை மட்டும் வைக்காமல், அடித்துத் திருத்திய முதல் படியையும் வைக்கப் பழக்குங்கள். வளர்ச்சி தெரிய வேண்டுமானால் தொடக்கம் தெரிய வேண்டும். வாசிப்புக்கு இது மிகவும் பொருந்தும்: ஜூலையில் ஒரு பத்தியைப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்து, டிசம்பரில் அதே பத்தியை மீண்டும் பதிவு செய்யுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்ட நான்காம் வகுப்பு மாணவன் ஒருவனிடம், முதல் பதிவை நீக்கிவிடலாமா என்று கேட்டேன். "வேணாம் மிஸ், அப்ப எழுத்துக் கூட்டிப் படிச்சேன், இப்ப வார்த்தை வார்த்தையாப் படிக்கிறேன், ரெண்டும் இருந்தாத்தான் தெரியும்" என்றான்.

தேர்ந்தெடுக்கும் பாடவேளை

தொகுப்பின் உயிர் இந்த ஒரு பாடவேளையில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை இதற்கு ஏற்றது. இரண்டு வாரங்களில் செய்தவற்றைப் பிள்ளை தன் முன் பரப்பி வைத்துக்கொண்டு ஒன்றை, மிஞ்சினால் இரண்டை மட்டும் எடுக்கட்டும். எல்லாவற்றையும் வைத்தால் அது குவியல். சிலவற்றைக் கழிப்பதில்தான் தன் வேலையைத் தானே எடைபோடும் பழக்கம் வருகிறது.

ஏன் இதை எடுத்தாய் என்று கேட்டால் தொடக்கத்தில் எல்லாப் பிள்ளைகளும் "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். சலித்துக்கொள்ளாதீர்கள், நீங்களே விடையை எடுத்துக் கொடுக்கவும் செய்யாதீர்கள். இதில் எந்த இடத்தில் சிக்கிக்கொண்டாய், அப்போது என்ன செய்தாய், யார் உதவினார்கள், இன்னொரு முறை செய்தால் எதை மாற்றுவாய் என்று கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. இரண்டு மாதங்களில் பிள்ளைகளின் பதில்கள் நீளத் தொடங்கும். எழுதப் பழகாத முதல் இரண்டு வகுப்புகளுக்கு ஒலிப்பதிவு போதும். பிள்ளை எழுதிய குறிப்பில் எழுத்துப்பிழை இருந்தால் திருத்தாமல் விட்டுவிடுங்கள். அடுத்த ஆண்டு அந்தப் பிழையை அந்தப் பிள்ளையே கண்டுபிடிக்கும்.

ஆசிரியரும் எழுதலாம்; ஆனால் பிள்ளையைப் பற்றி எழுதாமல் பிள்ளைக்கு எழுத வேண்டும். நியூசிலாந்தில் 1996 இல் வெளிவந்த 'தே ஃபாரிக்கி' என்னும் முன்பருவக் கல்விப் பாடத்திட்டத்தை ஒட்டி, மார்கரெட் கார் முதலானோர் 'கற்றல் கதை' என்றொரு முறையை வளர்த்தெடுத்தார்கள். பிள்ளை என்ன செய்தது, அதில் என்ன கற்றல் தெரிகிறது, அடுத்து என்ன செய்யலாம் என்பதை மதிப்பெண் இல்லாமல் ஒரு சிறு கதையாக எழுதுவது அது. நான் அதை ஐந்தாறு வரிகளில் கடிதம்போல எழுதுகிறேன்: "நீ இன்று மூன்று முறை பாலத்தைக் கட்டினாய், மூன்று முறையும் இடது கால்தான் சரிந்தது, நான்காம் முறை அந்தக் காலை அகலமாக வைத்தாய்." பருவத்துக்கு ஒரு பிள்ளைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் முடியக்கூடிய வேலைதான். தொகுப்புக்கு மதிப்பெண் போடவே கூடாது. வளரறி மதிப்பீட்டுக்கு ஏதாவது வேலை தேவைப்பட்டால், பிள்ளையிடம் கேட்டு அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

யார் பார்க்கலாம்

பிள்ளைகளின் படங்களையும் காணொளிகளையும் சமூக ஊடகங்களில் ஆசிரியர்களே பதிவிடும் வழக்கம் பெருகியிருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. நோக்கம் நல்லதாக இருக்கலாம்; ஆனால் திணறித் திணறி வாசிக்கும் ஏழு வயதுக் குழந்தையின் காணொளி, அது வளர்ந்து வேலைக்குப் போகும் நாளிலும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும். 1989 இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கை தனிமைக்கான உரிமையைக் குழந்தைக்கும் அளிக்கிறது. இந்தியாவின் 2023 ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தைகள் என்று கொண்டு, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தைக் கேட்கிறது.

ஆகவே தொடக்கத்திலேயே பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அந்தத் தாளில் என்ன சேமிக்கப்படும், எங்கே சேமிக்கப்படும், யார் பார்ப்பார்கள், எப்போது அழிக்கப்படும் என்பவை எளிய தமிழில் இருக்கட்டும். பெற்றோர் சரி என்று சொன்ன பிறகும் பிள்ளை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கைப்பேசிக் கேமராவில் இடக்குறிப்பை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்திலும் அது எடுக்கப்பட்ட இடம் பதிந்துவிடும். முகத்தைவிடக் கையையும் வேலையையும் எடுப்பது நல்லது. நண்பனின் முகம் வந்துவிட்டால் அந்த நண்பனிடம் கேட்ட பிறகே வைக்கப் பழக்குங்கள். படங்களை வாட்ஸ்அப் வழியாக அனுப்ப நேர்ந்தால் ஆவணமாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் தரம் குறைந்து, பிள்ளையின் பென்சில் எழுத்து மங்கிவிடும்.

பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர் பேசுவதைக் குறைத்து, ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டாருக்குத் தன் தொகுப்பைப் பத்து நிமிடம் காட்டும்படி செய்யுங்கள். எந்த ஐந்தைக் காட்டுவது என்பதைப் பிள்ளையே முந்திய நாள் முடிவு செய்யட்டும். கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியின் கைக்கணினியைக் கொடுங்கள். கூலி வேலையை விட்டு வர முடியாத பெற்றோருக்காக மாலை ஆறு மணிக்கு ஒரு முறை வைத்தோம். அன்று வந்த கூட்டம் பகலில் ஒருநாளும் வந்ததில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி ஒருவர் பேரனின் வாசிப்புப் பதிவைக் காதோடு வைத்து மூன்று முறை கேட்டார்.

ஒப்படைக்கும் நாள்

ஐந்தாம் வகுப்போ எட்டாம் வகுப்போ முடித்துப் பிள்ளை வேறு பள்ளிக்குப் போகும்போது, மாற்றுச் சான்றிதழோடு தொகுப்பையும் கையில் கொடுக்க வேண்டும். பள்ளி கொடுத்த மின்னஞ்சல் கணக்கில் தொகுப்பு இருந்தால், அந்தக் கணக்கு மூடப்படுவதற்கு முன்பே கணக்கில் உள்ளவற்றை மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் மூலம் முழுவதையும் இறக்கிக்கொள்ளுங்கள். விடுமுறை தொடங்கிய பிறகு யாரும் இதைச் செய்வதில்லை என்பதால் மார்ச் மாதத்திலேயே செய்துவிடுவது நல்லது. பென்டிரைவில் போட்டுக் கொடுக்கும் முன், பிள்ளையின் முன்னாலேயே நான்கைந்து கோப்புகளைத் திறந்து, அவை வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். புதிய பள்ளியின் ஆசிரியரிடம் காட்டுவதா வேண்டாமா என்பது பிள்ளையின் விருப்பம். நாம் தனியாக அனுப்பி வைக்கக் கூடாது. அதன்பின் பள்ளியின் கைக்கணினியிலும் உங்கள் கைப்பேசியிலும் உள்ள பிரதிகளை, குப்பைத்தொட்டிக் கோப்புறை உட்பட, பிள்ளையின் கண்ணெதிரே அழித்துவிடுங்கள். கடைசியாக அந்த நீக்கும் பொத்தானைப் பிள்ளையையே அழுத்தச் சொல்லுங்கள்.