சோவாஸ் தசை எலும்புக்குள் புகுந்த கதை

உடலசைவுகளைக் கணினியில் உருவகிக்கும் ஓப்பன்சிம் மென்பொருளில் இடுப்பு மூட்டின் முப்பரிமாண மாதிரியை அமைத்தபோது, தொடையை மடக்கும் சோவாஸ் (psoas) தசையை இடுப்பு முதுகெலும்பிலிருந்து தொடை எலும்பின் உட்பக்கச் சிறு முண்டு வரை ஒரே நேர்கோடாக வரைந்துவிட்டேன். ஆனால் அத்தசை, வரைபடத்தில் தொடையைப் பின்னுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. கோணத்தின் கூட்டல்-கழித்தல் குறியில்தான் பிழை என்று எண்ணி ஒரு மாலைப்பொழுதை வீணாக்கிய பிறகே, மாதிரியைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தேன்: கோடு எலும்பைத் துளைத்து, மூட்டு மையத்துக்குப் பின்னால் சென்றுகொண்டிருந்தது.

உண்மையான சோவாஸ், இடுப்பெலும்பின் முன்விளிம்பில் வளைந்து, மூட்டுக்கு முன்பாக இறங்கிய பின்னரே பின்னோக்கித் திரும்புகிறது. விளிம்பில் ஒன்றும் தொடை எலும்பில் ஒன்றுமாக தசை கடந்தாக வேண்டிய இரண்டு இடைப்புள்ளிகளை நிறுத்தியதும், நெம்புகரத்தின் (மூட்டு மையத்திலிருந்து தசை இழுக்கும் கோட்டுக்குள்ள செங்குத்துத் தூரத்தின்) குறி நேரானது; அதாவது தசை தொடையை மடக்கத் தொடங்கியது. ஆயினும், தொடையை நன்றாக மடக்கும்போது தசை விளிம்பைவிட்டு விலக வேண்டியிருக்க, அப்புள்ளிகள் அதை ஆணியடித்தாற்போல் பிடித்து வைத்தன.

எனவே அவற்றை நீக்கிவிட்டு, தசை சுற்றிச் செல்வதற்கென இடுப்பெலும்போடு இணைந்த ஓர் உருளையை வைத்தேன். தொடை எலும்பின் பந்துத்தலை ஏறத்தாழ 5 செ.மீ. விட்டமுடையது, தசைநாணின் தடிமனையும் கணக்கிட்டு, உருளையின் ஆரத்தை 3 செ.மீ. ஆக்கினேன். சில கோணங்களில் தசை உருளையின் பின்பக்கம் தாவியதை, சுற்றும் பக்கத்தை முன்புறத்துக்கு மட்டும் வரையறுத்துச் சரிசெய்தேன். இப்போது 5 பாகைக்கு ஒருமுறை நெம்புகரத்தை வரைந்து பார்த்தாலும் திடீர்த் தாவல் இல்லை.