127 பகா எண்ணா? காரணி தேடாமல் கண்டுபிடிப்போம்

2024 அக்டோபரில் அதுவரை கண்டதிலேயே மிகப் பெரிய பகா எண்ணை அறிவித்தார்கள்: 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1. மொத்தம் 41,024,320 இலக்கங்கள். மலேசியாவின் பட்டர்வொர்த்தில் என் டியூஷன் பிள்ளைகளிடம் இதைச் சொன்னதும், படிவம் 2 பையன் ஒருவன் கேட்டான்: "டீச்சர், இவ்வளவு பெரிய எண்ணை எதையெல்லாம் போட்டு வகுத்துப் பார்த்தாங்க?"

அருமையான கேள்வி. ஒவ்வொரு எண்ணாக வகுத்துக்கொண்டிருந்தால் ஆயுள் போதாது. அதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. அதை நிரூபிப்பது பல்கலைக்கழகப் பாடம். செய்து பார்க்க ஆறாம் ஆண்டுக் கணக்கு போதும். ஒரு தாள், ஒரு பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபெர்ரியில் ஏறினால் ஜார்ஜ்டவுன் போய்ச் சேர்வதற்குள் முடித்துவிடலாம்.

படி 1: 2-இன் அடுக்காக ஒரு பகா எண்ணைப் போட்டு, 1-ஐக் கழியுங்கள். நாம் 7-ஐ எடுப்போம். 2⁷ − 1 = 127. இப்படி வரும் எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது. 11 பகா எண்தான், ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. அதனால்தான் சோதனை வேண்டியிருக்கிறது.

படி 2: 4-இல் தொடங்குங்கள். அதை அதனாலேயே பெருக்கி, 2-ஐக் கழித்து, 127-ஆல் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீதியை வைத்துத் திரும்பவும் அதையே செய்யுங்கள். எத்தனை முறை? அடுக்கைவிட இரண்டு குறைவாக. இங்கே 5 முறை.

4 × 4 − 2 = 14
14 × 14 − 2 = 194, மீதி 67
67 × 67 − 2 = 4487, மீதி 42
42 × 42 − 2 = 1762, மீதி 111
111 × 111 − 2 = 12319, மீதி 0

கடைசி மீதி 0 என்றால் பகா எண். வேறு எது வந்தாலும் இல்லை. 2047-க்கு 9 முறை செய்தால் 1736-இல் போய் நிற்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இனிமேல்தான். 127-ஆல் வகுக்கவே வேண்டாம்! 128-ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் கூட்டுங்கள். 4487-இல் 128 முப்பத்தைந்து முறை போகும், மீதி 7. 35 + 7 = 42. கடைசி வரியில் 96 + 31 = 127, அதாவது 0. கணினி எண்களை 0, 1 என்று இரண்டே இலக்கங்களில் வைத்திருப்பதால், 128-ஆல் வகுப்பது அதற்குக் கடைசி 7 இலக்கங்களை வெட்டி எடுக்கும் வேலைதான். மெர்சென் எண்கள் சாதனைப் பட்டியலில் அடிக்கடி வருவதற்கு இந்த வசதி ஒரு பெரிய காரணம். அந்த 2024 எண்ணை இந்த முறையில் எழுதினால் 136,279,841 ஒன்றுகள் வரிசையாக நிற்கும், நடுவில் ஒரு பூஜ்யம்கூட இல்லை.

பிரெஞ்சுக் கணித அறிஞர் லூகாஸ் 1876-இல், கணினி இல்லாத காலத்தில், 39 இலக்கமுள்ள 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டினார். பிறகு அமெரிக்கரான லெஹ்மர் 1930-களில் சோதனையை நாம் மேலே செய்த வடிவத்துக்குச் சுருக்கினார். 2024 எண்ணையும் இதே லூகாஸ்-லெஹ்மர் சோதனைதான் உறுதிசெய்தது.

சரி, அடுத்து 2¹³ − 1 = 8191-ஐ நீங்களே செய்து பாருங்கள். 11 முறை. கால்குலேட்டர் வைத்துக்கொள்ளலாம். எட்டாவது மீதி 1294, பத்தாவது மீதி 128 என்று வந்தால் சரியான வழியில் போகிறீர்கள். 128 × 128 − 2 = 16382. அது 8191-இன் சரியாக இரண்டு மடங்கு.